ஆடாத நாட்களின் பொருளாதாரம்: புனே நகரத்தை முன்வைத்து ஒரு பரபக்க–சுபக்க ஆராய்ச்சி

மகாபாரதத்தின் செம்பதிப்பை உருவாக்க, புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966 வரை உழைத்தது. 1,259 சுவடிகளை ஒப்பிட்டு, ஒரு சொல் எந்த ஏட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் நடமாடிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் எந்தக் கேள்வியையும் ‘இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா’ என்று தள்ளிவிடுவது மரபாகாது. எனவே, வீடியோ கேமைக் காசு கொடுத்து வாங்குவதா, மாதச் சந்தா கட்டுவதா என்னும் பிரச்சினையை முறைப்படி எடுத்துக்கொள்கிறோம். முதலில் ஒரு வரையறை. இக்கட்டுரையில் ‘ஆடுபவர்’ என்ற சொல் ஆடுகிறவரையும், ஆட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பவரையும் குறிக்கும். ஹிஞ்சவடியின் மென்பொருள் வளாகங்களில் பொழுதைக் கழித்து, போக்குவரத்து நெரிசலில் மிச்சத்தையும் கழித்து வீடு சேர்பவர்களில் இரண்டாம் வகையினரே அதிகம் என்பது ஆதாரம் கேட்கப்படாத உண்மை.

மரபுப்படி பரபக்கத்தை, அதாவது எதிர்த்தரப்பு வாதத்தை, முதலில் கேட்போம். சந்தாக் கட்சியார் வைக்கும் சான்று வலுவானது. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது இந்தியாவில் அதன் பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். 2022 ஜூனில் இங்கே அறிமுகமான பிளேஸ்டேஷன் பிளஸ் எக்ஸ்ட்ரா என்னும் சந்தாவின் ஓராண்டுக் கட்டணமும் அதே 4,999 ரூபாய்தான். ஒரு கேமின் விலையில் நூற்றுக்கணக்கான கேம்கள்! எக்ஸ்பாக்ஸ் தரப்பிலோ 2024 அக்டோபரில் ‘கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 6’ வெளியான அன்றே கேம் பாஸ் என்னும் அதன் சந்தாவிலும் கிடைத்தது. அமெரிக்கக் கடையில் 70 டாலர் கொடுக்க வேண்டிய சரக்கு, கேம் பாஸ் அல்டிமேட்டின் 20 டாலர் மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிட்டது. இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. பிழையில்லாத கணக்குகளைத்தான் ஆய்வாளன் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு வழி காட்டுவது சதாசிவ் பேட்டையின் மெஸ்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்து அறையெடுத்துத் தங்கும் பிள்ளைகள் மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டி, இரண்டு வேளையும் அங்கே சாப்பிடுகிறார்கள். ஊருக்குப் போகிற பிள்ளை முன்னதாகச் சொல்லிவிட்டால் அந்த நாட்கள் ‘காடா’ என்று குறிக்கப்பட்டு, பணம் கழிக்கப்படும் அல்லது நாள் நீட்டிக்கப்படும். எத்தனை நாளுக்குக் குறைந்தால் காடா கிடையாது என்பதில் மெஸ்ஸுக்கு மெஸ் விதி வேறுபடும். அந்த வேறுபாடுகளைத் தொகுத்தால் அதுவே ஒரு செம்பதிப்பாகும். நமக்கு வேண்டியது கொள்கை மட்டும். மெஸ் நடத்தும் காகுவுக்கு (மராத்தியில் சித்தி), சாப்பிடாத வேளைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது தெரியும். உலகின் மிகப் பெரிய கேம் நிறுவனங்களின் சந்தாக்களில் காடா கிடையாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், காலாண்டு இறுதியில் அலுவலகமே கதியென்று கிடந்தாலும், மாமியார் வந்து தொலைக்காட்சியைக் கைப்பற்றினாலும் கட்டணம் ஓடும்.

இதை எண்ணால் நிறுவலாம். எக்ஸ்ட்ரா சந்தாவின் அறிமுக மாதக் கட்டணம் 749 ரூபாய். மாதம் 30 மணி நேரம் ஆடினால் மணிக்கு ஏறத்தாழ 25 ரூபாய். தேநீரும் வடாபாவும் வாங்கும் செலவு. மூன்று மணி நேரம் மட்டும் ஆடினால் மணிக்கு 250. ஒரு நிமிடம்கூட ஆடாத மாதத்தில் 749-ஐப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். கணிதம் அனுமதிக்காததை வங்கி அனுமதித்துவிடுகிறது. மாறாக, 4,999 கொடுத்து ஒரு கேமை வாங்கி ஐம்பது மணி நேரம் ஆடுகிறவருக்கு மணிக்கு நூறு ரூபாய் ஆகும். அந்த ஐம்பது மணி ஒரு மாதத்தில் முடிந்தாலும், மூன்று ஆண்டுகளில் முடிந்தாலும் அதே நூறுதான். வட்டாக வாங்கி, முடித்த பின் பாதி விலைக்கு விற்றுவிட்டால் ஐம்பது. விலைக்கு வாங்கிய பொருள் காத்திருக்கும், சந்தா காத்திருக்காது. வேலைக்குப் போகிற மனிதருக்கு இதைவிட முக்கியமான வேறுபாடு இல்லை.

இனித் தடைகள். ‘வேண்டாத மாதம் நிறுத்திக்கொள்ளலாமே, மறப்பது உங்கள் குற்றம்’ என்பது முதல் தடை. இதை ஆராய உலகிலேயே பொருத்தமான நாடு இந்தியாதான். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். ஆக, மறதி என்னும் காரணத்தை இங்கே சட்டமே பெரும்பாலும் நீக்கிவிட்டது. அறிவிப்பைப் படித்த பிறகும் ஒருவர் நிறுத்தாமல் இருக்கிறார் என்றால் அங்கே வேலை செய்வது நம்பிக்கை: இந்தச் சனி ஞாயிறு எப்படியும் உட்கார்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை. அதற்குத்தான் மாதந்தோறும் சந்தாப் பணம் போகிறது. மறதிக்கு மருந்து உண்டு. நம்பிக்கைக்கு எந்த ஒழுங்குமுறை ஆணையமும் அறிவிப்பு அனுப்ப முடியாது.

இரண்டாம் தடை கூர்மையானது. ‘வாங்கினால் மட்டும் உமக்குச் சொந்தமா?’ இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ என்னும் கார் பந்தய கேம், 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் அணைக்கப்பட்டதும் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் இல்லாமல் போனது. கலிபோர்னியாவில் இதையொட்டி ஒரு சட்டம் வர, கேம் விற்கும் ஸ்டீம் தளம் அதே ஆண்டு அக்டோபரில், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்று கட்டணப் பக்கத்திலேயே எழுதிவைத்தது. வட்டு நுழையும் வாயே இல்லாத கன்சோலை வாங்கியவர், பழைய வட்டை விற்கும் வழியையும் இழந்தார். வாங்குவோர் கட்சியின் பெருமைப்பேச்சில் பாதி இதோடு அடிபட்டுப் போகிறது. நம் வாதம் உடைமையின் மேல் நிற்கவில்லை என்பதால் நமக்குக் காயமில்லை. பத்தாண்டில் ஒருமுறை சர்வர் அணைவது வேறு. சந்தாப் பட்டியலில் மாதாமாதம் சில கேம்கள் விடைபெறுவது வேறு. கொள்ளையடிப்பதே கதையான ‘ஜிடிஏ 5’ 2020-க்கும் 2025-க்கும் இடையில் கேம் பாஸுக்கு நான்கு முறை வந்தது, நடுவில் மூன்று முறை போனது. கதையை ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் முடிக்கலாம் என்பார்கள். வாரம் ஒரு மணி நேரம் கிடைக்கிற மனிதர், இரண்டாம் கொள்ளையைத் திட்டமிடும்போது பட்டியலிலிருந்து கேம் மறைந்திருக்கும்.

ஸ்டீம் தள்ளுபடியில் அள்ளிப்போட்டு ஒன்றையும் தொடாதவர்களைக் காட்டி மூன்றாவதாக ஒரு தடை எழுப்புவார்கள். அவர்களும் நம்மவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மடமைக்கு ஒருமுறைதான் கட்டணம். சந்தாக்காரர் அதே மடமையைத் தவணையில் புதுப்பிக்கிறார், விலையும் உயர்ந்துகொண்டே போகிறது. மேலே சொன்ன 20 டாலர் அல்டிமேட் சந்தா, ஓராண்டுக்குள் 2025 அக்டோபரில் 29.99 டாலராயிற்று. பிளேஸ்டேஷன் பிளஸின் ஆண்டுச் சந்தா 2023 செப்டம்பரிலேயே உயர்ந்துவிட்டது. பரபக்கத்தார் காட்டிய சமன்பாடு உண்மையாக இருந்ததனாலேயே நீடிக்கவில்லை.

எனவே சுபக்கம், அதாவது நம் முடிவு, இது: மாதம் பத்து மணி நேரத்துக்குக் குறைவாக ஆடும் உத்தியோகஸ்தர், கேம் வெளியாகி ஓராண்டு கழித்து, தள்ளுபடியில், ஒன்றே ஒன்றை வாங்க வேண்டும், அதை முடிக்கும்வரை அடுத்ததின் டிரெய்லரைக்கூடப் பார்க்கக் கூடாது. தேர்வு முடிந்த கல்லூரி மாணவர், மே மாதம் மட்டும் சந்தா கட்டி இரவு பகலாக ஆடி ஜூனில் நிறுத்தலாம். அவர் விஷயத்தில் நஷ்டம் நிறுவனத்துக்கு. மூன்று பிள்ளைகள் ஒரே கன்சோலுக்கு அடித்துக்கொள்ளும் வீட்டிலும் சந்தாவே வெல்லும். அங்கே காடா விழ வாய்ப்பே இல்லை.

இரண்டு கட்சிக்கும் பிடிபடாத ஒரு வகை மிச்சமிருக்கிறது. புனேயிலேயே இயங்கும் சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட ‘இண்டஸ்’ என்னும் போர் கேமுக்கு விலையும் இல்லை, சந்தாவும் கட்டாயமில்லை; கைப்பேசியில் இறக்கி ஆடலாம். காசு கேட்கப்படும் இடம், திரையில் ஓடுகிறவனின் உடுப்பு. ஆடாமலே பணம் கட்டுபவரைப் பற்றியே இவ்வளவு எழுத வேண்டியிருந்தது. இல்லாத ஆளுக்குச் சட்டை எடுப்பவரைப் பற்றி எழுதத் தனி நிறுவனமும் குறைந்தது 47 ஆண்டுகளும் வேண்டும்.