ஆட்டுக்காரரின் அடிதடி

கேள்வி: ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்கிறார்களே ஜான் மெக்கார்தரை, அவ்வளவு பெரிய ஆட்டுக்காரரா?

பதில்: ஆடு மேய்த்ததைவிட அவர் மல்லுக்கட்டியதுதான் அதிகம்! 1801-ல் தன் மேலதிகாரியைத் தோளில் சுட்டுவிட்டு, விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். போனவர் சும்மா வரவில்லை. அரசரின் மந்தையிலிருந்து மெரினோ ஆடுகளும், 5,000 ஏக்கருக்கு உத்தரவுமாக 1805-ல் வந்து இறங்கினார். அது தாராவல் பழங்குடியினரின் நிலம். அவர்களை யார் கேட்டார்கள்? 1808-ல் ஆளுநர் பிளையைக் கவிழ்த்த கலகத்தில் மாட்டி, 1809 முதல் 1817 வரை மறுபடி இங்கிலாந்து வாசம். அந்த எட்டு வருஷமும் பண்ணையைக் கட்டிக் காத்தவர் மனைவி எலிசபெத். 1966-ல் 2 டாலர் நோட்டில் கிடாவோடு படம் வந்ததென்னவோ ஐயாவுக்குத்தான். 1988-ல் அதற்குப் பதிலாக நாணயம் வந்தது. அதில் இருப்பவர் ஒரு பழங்குடிப் பெரியவர்!