எந்த நூற்றாண்டு நைஸு?

ஏலேய் பேராண்டி, காப்பியும் நைஸு, கன்னுக்குட்டியும் நைஸு, செத்த வீட்டுல அடிச்ச கொட்டும் நைஸுன்னா என்னய்யா அர்த்தம்? செத்த உக்காரு. லைப்ரரிக்கு ராக்காவல் இருந்தவன் நான். உறக்கம் வராத ராத்திரிக்கு அகராதிதான் துணை.

இந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் லத்தீன். 'நெஸ்கியுஸ்'னா ஒண்ணுந் தெரியாதவன். 'ஸ்கீரே'ன்னா அறியுறது, முன்னால 'நெ' சேந்தா அறியாதது. பிரெஞ்சுக்காரன் அதைத் தேச்சு, முட்டாளைக் குறிக்கப் புழங்குனான். 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வரும்போதும் அதே அர்த்தந்தான். இதே 'ஸ்கீரே' வயித்துல பெறந்த இன்னொரு வாரிசு எது தெரியுமா? சயின்ஸு! ஒரு வயித்துல ஒண்ணு விவரம், ஒண்ணு வெள்ளந்தி. உங்கக்காளும் நீயும் மாதிரி.

பெறகு அது போடாத வேஷமில்ல. பகட்டா உடுத்துறவன் நைஸு, எதுலயும் நொட்டை சொல்றவன் நைஸு, முடியைப் பிளந்து வித்தியாசம் பாக்குறதும் நைஸு. 'நல்லாருக்கு'ங்கிற அர்த்தம் 18ஆம் நூற்றாண்டுலதான் வந்து ஒட்டுச்சு. ஒட்டுனதும் ஊரே அதைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. ஜேன் ஆஸ்டின் அம்மாவுக்குப் பொறுக்கல. 1817 கடைசியில வந்த 'நார்த்தேங்கர் அபே' நாவல்ல, ஒரு பொண்ணு ஏதோ புத்தகத்தை நைஸுன்னு புகழ, ஹென்றி டில்னிங்கிற பய, பைண்டிங்கைச் சொல்றியாக்கும்னு வாருறான். நம்ம திண்ணையில உக்கார வேண்டிய பய, தப்பிப் போயி அங்க பெறந்துட்டான்.

நம்மாளு மட்டும் லேசா? மாவை நைஸா ஆட்டச் சொல்லுவான். அதுலயாவது பழைய நுணுக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. கடன் குடுத்தவனைக் கண்டா நைஸா நழுவுறான் பாரு, அந்த நழுவல் நான் பொரட்டுன வெள்ளைக்கார அகராதி எதுலயும் இல்ல. அது நம்ம சீதனம்.

அதுக்காக நீ அந்தச் சொல்லை விட்டுறாத. நாளைக்கு மறுவீட்டு விருந்துல மாமியா வச்ச குழம்பு வாயில வைக்க வழங்கலையா? 'நைஸ்'னு சொல்லிரு. எந்த நூற்றாண்டு நைஸுன்னு அந்தம்மா கேக்கப் போறதில்ல. உன் மாமனார் முன்னால மட்டும் வாயை அளந்து தொற. மனுசன் ரிட்டையரான இங்கிலீஷ் வாத்தியாரு. நிச்சயத்தன்னைக்கு உன்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "பையன் ரொம்ப நைஸ்"னு என் காதுல சொல்லிட்டு ஒரு மாதிரியாச் சிரிச்சாரு.