சிலிண்டருக்கும் குளிருமாம், மருமோன்!

வாரும் மருமோன், இரும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும், மாமி இப்பதான் நிலம் துடைச்சவ. அம்மா ரெலிபோனில எல்லாம் சொன்னவ. சிம்கோ ஏரியில ஐஸ் மீன்பிடிக்கப் போறீராம். பிறந்ததில இருந்து மீனைப் பொரியலாத்தான் கண்டனீர். இப்ப ஐஸில ஓட்டை போட்டு அதைத் தேடிப் போற அளவுக்கு வளந்திட்டீர். நல்லது. கூடாரம் வாங்கியாச்சு, தூண்டில் வாங்கியாச்சு, 'படி' ஹீற்றரும் வாங்கியாச்சு. அதோட வாற சின்னப் போத்தல் காணாது எண்டு பாபிக்கியூ சிலிண்டரை அதில கொழுவப் போறீராம். அம்மா அனுப்பி வந்தீரோ, நீராவே வந்தீரோ? நீராவே வந்திருக்க மாட்டீர். உமக்குத்தான் எல்லாம் தெரியுமே.

உம்மட கணக்கில பிழையில்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். ஒரு றாத்தல் புரொப்பேனுக்குள்ள கிட்டத்தட்ட 21,500 பி.ரி.யு. வெக்கை கிடக்கு. உம்மட ஹீற்றரைக் கூட்டி விட்டா மணித்தியாலத்துக்கு 9,000 தின்னும், குறைச்சு விட்டா 4,000. அப்ப ஒரு றாத்தல் போத்தல் ரெண்டரை மணித்தியாலம்கூடத் தாங்காது. மீன் ஒருக்கா வந்து இரையை மணந்து பாத்திட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள போத்தல் காலி. 20 றாத்தல் சிலிண்டர் எண்டா அதே நெருப்பில ரெண்டு நாள் போகும். போத்தலா வாங்கிற ஒரு றாத்தலின்ர விலையும் நிரப்புற இடத்தில வாங்கிறதைவிடப் பல மடங்கு. ஆனபடியா உம்மைக் கஞ்சன் எண்டு நான் சொல்லமாட்டன். மாமி சொல்லுவா, அது வேற.

ஆனா பெரிய சிலிண்டர் கொழுவினா கூடாரம் கூடச் சூடாகும் எண்டு மச்சானுக்கு விளக்கம் குடுத்தனீராம். பெரிய பானையில சோறு அவிச்சா தின்னுறவனுக்கு வாய் பெரிசாகுமோ? ஹீற்றர் 9,000 எண்டா 9,000தான். சிலிண்டர் கன நேரம் எரிய விடும், கூட எரிய விடாது. கூடச் சூடு வேணுமெண்டா 18,000 எரிக்கிற 'பிக் படி' வாங்கியிருக்க வேணும். அதுக்கு உமக்குக் காசு வரேல்ல. தூண்டிலுக்கு மட்டும் வந்தது.

சரி, அந்தப் பையுக்குள்ள என்ன ஹோஸ்? எடும் பாப்பம். ஆ... நான் நினைச்சது சரி. நடுவில தட்டையா வட்டமா ஒரு சாமான் இருக்கெல்லோ, அதுதான் ரெகுலேற்றர். இது பாபிக்கியூ அடுப்பின்ர ஹோஸ். இதைத்தான் கடையில எடுத்து, விலையும் குறைவு எண்டு புளுகத்தோட வந்தனீர். கேளும். சிலிண்டருக்குள்ள இருக்கிற அமுக்கம், 20 பாகைச் சூட்டில 100 பி.எஸ்.ஐ.க்கு மேல. அடுப்புக்கு அதில அரைவாசிகூட வேண்டாம், அரை பி.எஸ்.ஐ. காணும். அதைக் குறைக்கிறதுதான் ரெகுலேற்றரின்ர வேலை. உம்மட 'படி'யின்ர வயித்துக்குள்ளயே ஒரு ரெகுலேற்றர் இருக்கு. போத்தல் திருகிற வாயில வந்து சேருற காஸ் முழு அமுக்கத்தோட வரவேணும் எண்டு நினைச்சுத்தான் அதைச் செய்திருக்கிறாங்கள். நீர் வழியில இன்னொரு ரெகுலேற்றரை வைச்சு அமுக்கத்தைக் குறைச்சு அனுப்பினா, உள்ளுக்குள்ள இருக்கிறது அதை இன்னும் குறைக்கும். பேந்து நெருப்பு வருமோ? ஒரு நீல முனகல் வரும். நீர் அதைச் சுத்தி இருந்து கையைத் தேய்ச்சுக்கொண்டு, ஹீற்றர் சரியில்லை எண்டு கொம்பனிக்குக் கடிதம் எழுதுவீர்.

உமக்கு வேண்டியது ரெகுலேற்றர் இல்லாத, கூடின அமுக்கம் தாங்கிற ஹோஸ். ஒரு முனையில அந்தச் சின்னப் போத்தலின்ர மரை இருக்கும். மற்ற முனையில சிலிண்டரில மாட்டுற பெரிய பிளாஸ்ரிக் நட். அந்த நட்டைக் கையால திருகினாக் காணும், ஸ்பானரைக் கொண்டு வந்து உம்மட வீரத்தைக் காட்டத் தேவையில்லை. கனக்கச் சூடு பட்டா அது தானாய் உருகிக் காஸை நிப்பாட்டும், அதுக்காகத்தான் பிளாஸ்ரிக். பழைய மாதிரிப் பித்தளை முனை எண்டா அது சிலிண்டரின்ர வாய்க்குள்ள போகும், மரை இடப்பக்கம். வலப்பக்கம் திருகி இறுக்கிப் பாத்திட்டு, வாங்கின சாமானைக் குறை சொல்லாதையும்.

இன்னொண்டு. 'பிக் படி' வைச்சிருக்கிற உம்மட சிநேகிதன் இருக்கிறானே, அந்தக் கண்ணாடிக்காரன், அவனிட்டயும் சொல்லும். அந்த ஹீற்றரில சட்டெண்டு மாட்டுற வாய் ஒண்டு தனிய இருக்கு. அதுக்கு மட்டும் ரெகுலேற்றரால குறைச்ச காஸ்தான் போகவேணும். உமக்குச் சொன்ன ஹோஸுக்கு ஒரு முனை வாங்கி அதில செருகிற கெட்டித்தனத்தை அவன் செய்யக்கூடியவன். உமக்குப் பிழையா வந்தா ஒரு நாள் குளிரும். அவனுக்குப் பிழையா வந்தா புருவம் போகும்.

இனிப் பில்ரர். முகத்தைச் சுழிக்காதையும். றப்பர் ஹோஸை மெதுமையா வைச்சிருக்கிறதுக்கு அதுக்குள்ள ஒரு எண்ணெய்ச் சாமான் கலக்கிறவை. அமுக்கத்தோட நிக்கிற புரொப்பேன் அதைக் கரைச்சு எடுத்துக்கொண்டு போய், ஹீற்றருக்குள்ள ஊசி முனை அளவு துளையில கொண்டுபோய் விட்டிடும். ஒரு குளிர்காலம் நல்லா எரியும். அடுத்த வருஷம் பைலற் பத்தாது. பத்தினாலும் கையை எடுக்க அணையும். அந்தப் பிசுக்கு உள்ள போனபிறகு கழுவி எடுக்கிறது உம்மால ஏலாத காரியம். எண்ணெய் விடாத ஹோஸும் இப்ப வருது, பில்ரர் தேவையில்லை எண்டு பெட்டியில எழுதியிருக்கும். அப்பிடி எழுதியில்லாட்டி, ஹோஸுக்கும் ஹீற்றருக்கும் நடுவில பில்ரரைப் போடும். ஹீற்றர் பக்கம், சிலிண்டர் பக்கம் இல்லை. எண்ணெய் ஹோஸில இருந்தெல்லோ வருது. அங்கால போட்டா அது காவல் காக்கிறது ஆருக்கு?

இப்ப முக்கியமான கேள்வி. சிலிண்டரை எங்க வைக்கப் போறீர்? கூடாரத்துக்குள்ள, கதிரைக்குப் பக்கத்தில. பாவம், வெளியில அதுக்கும் குளிருமெல்லோ. ஒரு போர்வையும் போத்திவிடும், விறைச்சுப் போயிடும். காதில தொப்பியும் மாட்டிவிடும்.

மருமோன், உம்மட இந்தப் பழக்கம் எங்கயிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும். ஊரில குசினியில அடுப்புக்குப் பக்கத்தில பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டர் எங்களோட ஒரு ஆளா நிண்டது. அதைப் பாத்து வளந்த கண்ணுக்கு இது பிழையாத் தெரியாது. ஆனா ஊரில யன்னல் பூட்டின குசினி எத்தினை கண்டனீர்? அந்தச் சிலிண்டருக்குள்ள கூடுதலா இருந்தது பியூற்றேன். அது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழ போனாலே ஆவியாக மாட்டன் எண்டு திரவமா இருந்திடும்; சிம்கோவில அதைக் கொழுவினா தண்ணி ஊத்தின அடுப்புத்தான். 2021 கடைசியில ஊரில வீட்டுக்கு வீடு காஸ் வெடிச்சுதே, ஞாபகமோ? அந்தக் கலவையில புரொப்பேன் அளவை மாத்தினதுதான் காரணம் எண்டு ஆராய்ஞ்ச குழு சொன்னது. அந்த நேரம் சிலிண்டரை வீட்டுக்குள்ள வைக்கவே பயந்த சனம் எங்கட சனம். இஞ்ச வந்து பயமெல்லாம் விட்டுப் போச்சு.

புரொப்பேன் கொதிக்கிறது மறை 42 பாகையில. சிம்கோவில மறை 20 எண்டா உமக்குத்தான் குளிர். அதுக்கு அது கோடைகாலம். அமுக்கம் குறையும், உண்மை: மறை 30 பாகையில ஒரு பத்து பி.எஸ்.ஐ. அளவுதான் நிக்கும். அதுக்கும் பெரிய சிலிண்டர்தான் நல்லது. எரிய எரிய உள்ளுக்குள்ள திரவம் ஆவியாகித் தன்னைத்தானே குளிராக்கும்; சின்னப் போத்தல் கெதியாய் வெள்ளை பூத்து மூச்சு வாங்கும், பெரிசுக்கு உடம்பு இருக்கு, சமாளிக்கும். அதை நெருப்புக்குக் கிட்ட வைச்சுச் சூடாக்கிப் பாக்கிற ஆக்களும் இருக்கினம். அவை கன நாள் மீன்பிடிக்கிறேல்ல.

சிலிண்டர் வெளியில, நிமிர்ந்து நிக்கட்டும். ஐஸில சறுக்காம ஒரு பெட்டிக்குள்ள நிப்பாட்டும். படுக்கப் போட்டா ஆவிக்குப் பதில் திரவம் ஹோஸால வரும். ஹீற்றர் உம்மட முகம் வரைக்கும் நாக்கை நீட்டும். ஹோஸ் மட்டும் கூடாரத்தின்ர கீழ் ஓரத்தால உள்ளுக்க வரட்டும். புரொப்பேன் காத்தைவிட ஒண்டரை மடங்கு பாரம். கசிஞ்சா மேல எழும்பிப் போகாது, கீழயே படுத்திருக்கும், மச்சான் சிகரெற் பத்திற வரைக்கும். கனடாவிலயும் அமெரிக்காவிலயும் 20 றாத்தல் சிலிண்டரை வீட்டுக்குள்ள வைக்கக்கூடாது எண்டு விதி எழுதினவைக்கு உம்மட மச்சானை முன்னமே தெரிஞ்சிருக்கு.

சிலிண்டரின்ர கழுத்துப் பட்டியில திகதி அடிச்சிருக்கும், பாத்தனீரோ? கனடாவில பத்து வருஷம் தாண்டினா நிரப்ப மாட்டினம். அது பழசெண்டு தெரிஞ்சதும் வேற யோசினை வந்திருக்கும் உமக்கு: அதிலயிருந்து காலிப் போத்தல்களை நீரே நிரப்பிறது. முனையும் விக்கினம். அந்தப் போத்தல் ஒரு முறைக்கு மட்டும் செய்தது. அமெரிக்காவில திருப்பி நிரப்பின போத்தலைக் கொண்டு போறது குற்றம் எண்டு போத்தலிலயே அச்சடிச்சிருக்கு. நீர் ஆனா காஸ் போத்தலில எழுத்து வாசிக்கிற ஆள் இல்லையே.

கசிவு பாக்கிறதுக்குச் சவர்க்காரத் தண்ணி. லைற்றர் இல்லை. மூட்டுக்கு மூட்டுப் பூசினா, நுரை கொப்பளிக்கிற இடத்தில கசிவு. இதை வீட்டு முத்தத்தில, தண்ணி உறையாத ஒரு நாள் பாரும். ஏரிக்கு நடுவில மறை 15இல பூசினா சவர்க்கார ஐஸ்கிறீம்தான் கிடைக்கும்.

மூச்சுக்கு வருவம். ஹீற்றருக்குள்ள ஒட்சிசன் குறைஞ்சா அணைக்கிற ஒரு சாமான் இருக்கு. காத்தில ஒட்சிசன் 18 வீதம் அளவுக்கு இறங்கினா நிப்பாட்டும். அதை வைச்சு, இனி யன்னலே வேண்டாம் எண்டு முடிவெடுத்திருப்பீர். அது காபன் மொனொக்சைட்டை மணக்கிறேல்ல. அதை மணக்கிற சாதி வேற, பற்றரியில ஓடுறது, ஒண்டு வாங்கிக் கூடாரத்தில கொழுவும். கீழ ஒரு வாசல், மேல ஒரு வாசல் திறந்து விடும். குளிர் வரும்தான். வந்தாத்தான் நீர் நாளைக்கும் குளிருது எண்டு சொல்லலாம். பேந்து, ஒரு கிலோ புரொப்பேன் எரிஞ்சா ஒண்டரைக் கிலோவுக்கு மேல தண்ணியாகும். முழுச் சிலிண்டரையும் எரிச்சு முடிக்க, 15 லீற்றர் அளவு தண்ணியை ஆவியாக் கூடாரத்துக்குள்ள ஊத்தினீர் எண்டு அர்த்தம். அது சீலையில பட்டு, வடிஞ்சு, பின்னேரம் உம்மட பிடரியில சொட்டும். ஏரி ஒழுகுது எண்டு கத்தாதையும்.

அம்மா இன்னொண்டும் சொன்னவ: கரண்ட் போனா இதே ஹீற்றரைப் பேஸ்மென்ரில வைக்கப் போறீராம், சிலிண்டரோட. 2013 மார்கழி ஐஸ் மழையை நீர் மறந்திட்டீர். ரொறன்ரோவில மூண்டு லட்சம் அளவு இணைப்பு இருட்டில; சில வீட்டுக்குக் கரண்ட் வர ஒரு கிழமைக்கு மேல. சனம் பாபிக்கியூவை வீட்டுக்குள்ள கொண்டுவந்து எரிச்சது. வேண்டாம் வேண்டாம் எண்டு தீயணைப்புக்காரர் தொண்டை கிழியக் கத்தினவை. அடுத்த வருஷம் ஐப்பசியில இருந்து, நெருப்பு எரியிற சாமான் இருக்கிற வீடுகளில காபன் மொனொக்சைட் அலாரம் வேணும் எண்டு ஒன்ராறியோவில சட்டமாப் போச்சு. கரண்ட் போனா இஞ்ச வாரும், எங்கட வீட்டில விறகடுப்பு இருக்கு. மாமி பிட்டும் அவிப்பா. பேஸ்மென்ரை விடும்.

கொழுவினபிறகு சிலிண்டரை ஆறுதலாத் திறவும். அவதிப்பட்டு ஒரே திருகில திறந்தா, உள்ளுக்குள்ள இருக்கிற காவல்காரன் ஹோஸ் அறுந்திட்டுது எண்டு நினைச்சுக் காஸை இறுக்கிப்போடுவான். துளித் துளியா வரும். அப்பிடி நடந்தா எல்லாத்தையும் பூட்டி, கொஞ்சம் பொறுத்து, திருப்பி மெதுவாத் திறவும். முதல் தரம் ஹோஸுக்குள்ள காத்து நிக்கும், பைலற் பத்தக் கொஞ்சம் சுணங்கும். ஹீற்றரை உதையாதையும். சரிஞ்சா அணையிற சுவிச் அதுக்குள்ள இருக்கு, பேந்தும் முதலில இருந்து தொடங்கவேணும்.

வெளிக்கிடேக்க முதல் சிலிண்டரைப் பூட்டும். ஹோஸில மிஞ்சினதை ஹீற்றர் எரிச்சு முடிச்சுத் தானாய் அணையட்டும். அதுக்குப் பிறகு ஹீற்றரைப் பூட்டி, ஹோஸைக் கழட்டும். மாறிச் செய்தா ஹோஸ் நிறைய அமுக்கத்தோட காஸ், காருக்குள்ள உமக்குப் பக்கத்தில வரும்.

இந்த ஹோஸின்ர ரசீது வைச்சிருக்கிறீரோ? கடையில மாத்திக்கொண்டு வாரும், வாற வழியில பில்ரரும் வாங்கும். மச்சானும் வாறாரோ? அந்த நைலோன் ஜக்கெற்றோடயோ? அவரை ஹீற்றருக்கு முன்னால இருத்தாதையும். கூடாரத்தின்ர மற்றப் பக்கம், ஓட்டைக்கு அங்கால இருத்திவிடும். வாங்கின தூண்டிலையும் அவற்ற கையில குடும்.