அரை விரக்கடை அண்ணன்

"பைய நீக்கு மக்களே. ஒரு அரை விரக்கடை. நில்லு! கூடிப்போச்சு. திரும்ப இங்கோட்டு."

புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் கிறிஸ்துமஸ் பாட்டு ரிக்கார்டிங்குக்குப் போன யாருக்கும் இந்தக் குரல் தெரியும். பெயர் வேண்டாம். சபைக்கு ஒருவர் உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் கொஞ்சம் முற்றினவர், அவ்வளவுதான். எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். நன்றாகவே வாசிப்பார். ஆனால் வாசிப்பு அவருக்குப் பெரிய காரியமே அல்ல. ஆம்ப் பெட்டிக்கு முன்னால் மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் காரியம்.

பாட்டு மூன்றரை நிமிடம். அதில் இவர் பங்கு நடுவே எட்டு பார் லீட். அந்த எட்டு பாருக்காகக் காலை பத்து மணிக்கு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தவன் நான். கீபோர்டு வாசிக்க வந்தவன். ஸ்டுடியோ என்றால், முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த அறை. சுவரெல்லாம் தும்பு மெத்தை சாத்தி வைத்திருக்கும். புகை வாசம் இன்னும் போகவில்லை.

ஸ்பீக்கரின் நட்டநடுவில் ஒரு குமிழ் இருக்கிறதல்லவா, அதற்கு நேராக மைக்கை வைத்தால் தகரத்தில் கிழங்கு துருவுகிற மாதிரிச் சத்தம். ஓரத்துக்குக் கொண்டுபோனால் கம்பளிக்குள்ளிருந்து ஆள் பேசுகிற மாதிரி. பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கரில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு சாண்கூடத் தேறாது. அந்த இடத்துக்குள் அண்ணன் இருபது வருடமாகக் குடியிருக்கிறார். நேராக வைப்பதா, சரித்து வைப்பதா என்பது ஒரு மணி நேரம். வலைத்துணியை ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் பெருகும், கையகலம் பின்னால் இழுத்தால் மெலியும். முன்பக்கம் மட்டும் கேட்கிற மைக்குகளுக்கெல்லாம் அப்படியொரு குணம். அது இன்னொரு மணி நேரம்.

"கேட்டியா வித்தியாசம்?"

"கேட்டேன்ணே."

பொய். முதல் வருடம் "கேக்கலியேண்ணே" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அதற்கு விளக்கம் நாற்பது நிமிடம் போயிற்று. அன்றிலிருந்து எனக்கு எல்லாம் கேட்கும்.

கையிலிருப்பது ஷூர் எஸ்.எம்.57. இரவில் எழுப்பிக் கேட்டாலும் ஞானோபதேசம் மாதிரி ஒப்பிப்பார்: "1965-ல வந்த மைக்காக்கும். இன்னைக்கும் மாத்தேல்ல. அமெரிக்க ஜனாதிபதி பேசுத மேசையில நிக்கது இது, தெரியுமா?" தெரியும். அந்த மேசையில் இரண்டு நிற்பதும் தெரியும். அவற்றை வைக்க அங்கே யாரும் நாலு மணி நேரம் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. ஜனாதிபதி வருகிறார், பேசுகிறார், போகிறார்.

1964-ல் இங்கிலாந்தில் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறித்தான் தன் கரகரப்பை எடுத்தாராம். இதை அண்ணன் சொன்ன அன்று அறையிலிருந்த பிளேடு, கத்திரிக்கோல் எல்லாவற்றையும் ஒருவர் சத்தமில்லாமல் எடுத்து வெளியே கொண்டுபோனார். பெட்டி வாடகைப் பெட்டி.

ஒரு காரியத்தை மறைக்கக் கூடாது. சரியான இடத்தைத் தேடும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோய், கண்ணை மூடி, அடைக்கோழி முட்டையில் குஞ்சு அனங்குகிறதா என்று பார்க்கிற கிழவி மாதிரி இருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் வராது. (இத்தனை நுணுக்கமான காதுக்கு வீட்டில் மைனி கூப்பிடுவது மட்டும் எட்டாது.) ஒரு நாள், மழை ஓய்ந்த நேரம், அவர் விரல் காட்டிய இடத்தில் மைக்கை நிறுத்தினேன். ஹெட்போனில் அந்தத் தகரக் கரகரப்பு போய், கம்பி கம்பியாக, ஏத்தம்பழம் பழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மெய்யாகவே கேட்டது. அதை அவரிடம் சொன்னது என் தப்பு. அந்த நிமிடத்திலிருந்து ஸ்டாண்டு பிடிக்கும் உத்தியோகம் எனக்கு நிரந்தரமாயிற்று.

போன வருடம் ஒரு ரிப்பன் மைக் இரவல் வாங்கி வந்தார். நல்லது வாங்க லட்ச ரூபாய் தாண்டும். வேட்டியில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார். உள்ளே தாளைவிட மெல்லிசான அலுமினிய நாடா. பலமாக ஊதினாலே போச்சு. ஆகவே ஃபேன் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். 57-ஐயும் இதையும் சேர்த்து வைப்பதில் அடுத்த இழவு. இரண்டு மைக்கும் பெட்டியிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால், ஒருத்தன் தள்ளும்போது மற்றவன் இழுக்கிற வள்ளம் மாதிரி சத்தம் நின்ற இடத்திலேயே நிற்கும். பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தோம். வேர்வை ஸ்கேலில் சொட்டியது.

அம்மன்கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும். சவுண்ட் சர்வீஸ் பையன் குடத்து வாய்க்கு ஒரு மைக்கைச் சாய்த்துக் கட்டிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போவான். ஊர் முழுக்கக் கேட்கும். இதை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "குடத்துக்கு எந்த மைக்குலே வச்சான்?" என்றார்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். ரிப்பன் மைக் வந்த அன்று பாட வந்தவர்கள் நாலு பெண்கள். ஒரு அக்கா அண்டியாபீஸில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். காலையில் வந்து, கட்டன் சாயா குடித்து, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தின்று, நாலு மணி வரை திண்ணையில் இருந்தார்கள். பிறகு இருபது நிமிடத்தில் அவர்கள் பாட்டை எடுத்து முடித்தோம். எந்த மைக்கில்? சபையில் அறிவிப்பு வாசிக்கிற, வலை நசுங்கிய, பழைய அஹுஜாவில். நாலு பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். நல்ல மைக் இரண்டும் பெட்டியின் முன்னால் நின்றன. அவற்றை அனக்கக் கூடாது, இடம் தெற்றிப்போகும். பாட்டை இப்போது கேட்டாலும் கிட்டார் தங்கம். அக்காமார் குரல் மட்டும் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் பஸ் புறப்பாடு சொல்கிற மாதிரி. அவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "பாட்டு நல்லா வந்திருக்கு" என்றார்கள். எனக்குத்தான் ஆறவில்லை.

இந்த வருடம் விடிவு வந்தது. பாஸ் கிட்டார் பையன் லேப்டாப் கொண்டுவந்தான். ஆம்ப் வேண்டாம், பெட்டி வேண்டாம், மைக்கே வேண்டாம். கிட்டார் ஒயரைச் செருகினால் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். நல்ல மைக் இரண்டும் அன்று காலியாக இருந்தன. அக்காமார் முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன். பத்தரைக்குள் அவர்கள் பாட்டு முடிந்து பஸ் ஏறிவிட்டார்கள்.

பையன் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான். திரையில் ஒரு ஸ்பீக்கர் படம் வந்தது. அதன் முன்னால் ஒரு மைக் படம். அதை அமுக்கினால் வேறு மைக்குகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக விழுந்தன. மவுஸால் பிடித்து இழுத்தால் படத்து மைக் நகர்ந்தது.

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பைய நீக்கு மக்களே," என்றார்.