மருமகனே, உன் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்

மருமகனே, கோவிச்சுக்கிடாதே. உன் போனை நான் தொட்டதுகூட இல்லை. ஆனா உன் பாஸ்வேர்டு என்னன்னு சொல்லட்டுமா? மக பேரு, அதுக்கப்புறம் அந்தச் சுழிச்சு எழுதுத ‘அட்’டு, கடைசியில அவ பிறந்த வருஷம். முதல் எழுத்தை மட்டும் பெருசாப் போட்டிருப்பே. அதுவும் நீயா போட்டதில்லை, பெரிய எழுத்து ஒண்ணு இல்லாம உள்ள விடமாட்டேன்னு அந்த ஆப்பு அடம்பிடிச்சதுக்காகப் போட்டது.

முழிக்காதே. எனக்கு மை போட்டுப் பாக்கத் தெரியாது. உன் லோடு ஆட்டோ முன்கண்ணாடியில ரெண்டு ரோஜாப்பூவுக்கு நடுவுல ‘யாழினி’ன்னு எழுதி வச்சிருக்கே. கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம் வரைக்கும் ரோட்டோரத்துல நிக்குத வேலிக்கருவைக்குக்கூட அந்தப் பேரு மனப்பாடம். அவ முதல் பிறந்தநாளுக்கு பிளக்ஸ் அடிச்சியே, அதுல தேதி, உன் செல் நம்பரு, தாய்மாமன்மாரு, சித்தப்பன்மாரு பேரெல்லாம் வரிசையாப் போட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல கட்டிவிட்டே. திருடன் ஒருத்தன் மெனக்கெட்டு உளவு பாக்கணும்னு நினைச்சாக்கூட, அவனுக்கு நீ வேலையே வைக்கலை.

நம்ம கரிசக்காட்டுல ரகசியம்னு ஒண்ணு என்னைக்கு இருந்துச்சு? யாரு வீட்டுல எத்தனை மூட்டை மல்லி விலைக்காகக் காத்துக் கெடக்கு, யாரு கழுத்துச் சங்கிலி எந்தப் பேங்குல தூங்குது, யாரு மருமக எதுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனா, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அது நம்ம குணம். அதுல குத்தமில்லை. ஊரே பேசிக்கிட்டுத் திரியுத சங்கதியை எடுத்துப் போயி, ‘இது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்’னு பேங்குக்காரன்கிட்ட எழுதிக் குடுக்கோம் பாரு, அங்கதான் சிரிப்பு வருது.

மறந்துட்டா கேக்கதுக்குன்னு ஒரு கேள்வி வைப்பானே, பாத்திருக்கியா? ‘உங்கள் சொந்த ஊர் எது?’ன்னு கேப்பான். உன் ஆட்டோ பின்னாடியே எழுதியிருக்கு. ‘அப்பா பேரு என்ன?’ம்பான். தமிழன் ஒவ்வொருத்தனும் அப்பன் பேரோட முதல் எழுத்தை நெத்தியில ஒட்டிக்கிட்டுத்தானே அலையுதான். ‘உங்களுக்குப் பிடித்த பலகாரம்?’ன்னு கேட்டா, கோவில்பட்டிக்காரன் வேற என்னத்தை எழுதப் போறான்? கடலை மிட்டாய்தான். 2020ல அதுக்குப் புவிசார் குறியீடு வேற குடுத்துட்டாக. உன் பதிலுக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு. அந்தக் கேள்விக்கெல்லாம் நெசத்தை எழுதணும்னு எந்தச் சட்டமும் இல்லை மருமகனே. சொந்த ஊருன்னு கேட்டா ‘பழைய சைக்கிள் டியூப்’புன்னு எழுது. ஊருல எம்புட்டோ பொய் சொல்லுதே, உபயோகமா ஒரு பொய் சொன்னா என்ன?

ஏடிஎம் நம்பரும் அந்தக் கதைதான். நாலு எண்ணுன்னா பத்தாயிரம் விதமா வைக்கலாம். நீ பிறந்த வருஷத்தை வைக்கே. உன் மூஞ்சியப் பாத்து, நரையை எண்ணிப் பாத்து, ஒரு அஞ்சாறு வருஷத்துக்குள்ள எவனும் சொல்லிப்புடுவான். பத்தாயிரத்தை அஞ்சாறாக் குறைச்ச கெட்டிக்காரன் நீதான்.

நம்ம ஆளுக மட்டும்தான் இப்படின்னு மனசு உடைஞ்சு போகாதே. 2009ல அமெரிக்காவுல ராக்யூன்னு ஒரு கம்பெனியில இருந்து மூணு கோடிக்கு மேல பாஸ்வேர்டு வெளிய கொட்டிருச்சு. எடுத்து எண்ணிப் பாத்தா, அதுல அதிகம் பேரு வச்சிருந்தது 123456. இங்கிலீசு பேசுதவனும் ஒண்ணு ரெண்டு மூணுதான் எண்ணுதான். கம்ப்யூட்டருக்கு முதமுதல்ல பாஸ்வேர்டு வச்சது 1960களோட தொடக்கத்துல, எம்.ஐ.டி.ங்கிற பெரிய படிப்பு படிக்க இடத்துல. 1962லயே ஆலன் ஷெர்னு அங்க படிச்ச ஒருத்தரு, தனக்கு ஒதுக்குன நேரம் பத்தலைன்னு, எல்லார் பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அப்படியே அச்சடிச்சு எடுத்துக்கிட்டாரு. தொட்டில்ல கெடக்கும்போதே திருடு குடுத்த சாமான் மருமகனே இது.

பெரிய எழுத்து போடு, சின்ன எழுத்து போடு, குறி போடு, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துன்னு உன் உசிரை வாங்குதானே, அதுக்கு மூலம் யாருன்னு தெரியுமா? பில் பர்னு ஒருத்தரு. அமெரிக்காவுல நிஸ்ட்னு ஒரு அரசு அமைப்புல இருந்து 2003ல அந்த யோசனையை எழுதினவரு. 2017ல, வேலையில இருந்து ஓய்வும் வாங்குனதுக்கு அப்புறம், பத்திரிகைக்காரன்கிட்ட வருத்தப்பட்டுக்கிட்டாரு. ஏன்னா, மாத்து மாத்துன்னா மனுசன் என்ன செய்வான்? யாழினி ஒண்ணு, யாழினி ரெண்டு, யாழினி மூணு. திருடனுக்கும் எண்ணத் தெரியும்லா? இப்ப அதே நிஸ்ட்டு 2025ல புதுசா எழுதியிருக்கு. வெறும் பாஸ்வேர்டை மட்டும் நம்பி உள்ள விடுத இடம்னா 15 எழுத்தாவது வேணும், குறி போடச் சொல்லி வம்பு பண்ணாதே, காரணமில்லாம மாத்தச் சொல்லாதே, அந்தப் பலகாரக் கேள்வியெல்லாம் கேக்கவே கேக்காதேன்னுட்டு.

ஆக, நீளம்தான் விசயம். எட்டு எழுத்து, எல்லாம் சின்ன இங்கிலீசு எழுத்துன்னா, சுமாரா இருபதாயிரத்துச் சொச்சம் கோடி விதம் வரும். கேக்கதுக்குப் பெருசாத்தான் இருக்கு. சரியாப் பூட்டி வைக்காத கம்பெனியில இருந்து உன் பாஸ்வேர்டு களவு போயிருந்தா, பிள்ளைக விளையாட்டுக்கு வாங்குத கிராபிக்ஸ் அட்டை ஒண்ணு, நீ கொட்டாவி விட்டு முடிக்கதுக்குள்ள அம்புட்டையும் போட்டுப் பாத்துரும். ஒரு எழுத்து கூட்டுனா இருபத்தாறு மடங்கு ஏறும். இன்னொண்ணு கூட்டுனா அதுக்கு மேல இருபத்தாறு மடங்கு. எழுத்துக்குக் காசா பணமா? கூட்டு.

அதுக்காக அழகா ஒத்தச் சொல்லாத் தேடாதே. இடைசெவல் கி.ரா. நம்ம கரிசச் சொல்லையெல்லாம் பொறுக்கி அகராதியாவே போட்டுட்டாக. திருட்டுப் பயலும் முதல்ல அகராதியைத்தான் புரட்டுதான். பழமொழியும் வேண்டாம், சினிமாப் பாட்டும் வேண்டாம், அதெல்லாம் ஏற்கெனவே அவன் பட்டியல்ல இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத நாலஞ்சு சொல்லா எடுத்து, இங்கிலீசு எழுத்துல நம்ம வாயில வருதபடியே எழுது. உரல், போலீசு, மத்தியானம், வவ்வாலு. பாத்தியா, பேனாவை எடுத்துட்டே! நான் சொன்னதையே வைக்காதே. உன்னைப் பத்தினது எதுவும் அதுல இருக்கக் கூடாதுங்கதுதான் கணக்கு. உன் பேரு, பிள்ளைப் பேரு, குலசாமி பேரு, வண்டி நம்பரு எதுவும்.

ஒரே பாஸ்வேர்டையே எல்லாத்துக்கும் வச்சிருக்கே, அதையும் சொல்லணும்லா. வீட்டுக்கும் மாட்டுத் தொழுவுக்கும் பம்புசெட்டு ரூமுக்கும் ஒரே சாவி போட்டவன், தொழுவுல சாவியைத் தொலைச்சா வீட்டையும் சேத்துத்தான் தொலைச்சான். ஏதோ ஒரு கிரிக்கெட் விளையாட்டு ஆப்புல உன் பாஸ்வேர்டு வெளிய போச்சுன்னா, அவன் நேரா ஜிமெயிலுக்குத்தான் வருவான். ஜிமெயிலு போச்சுன்னா பேங்கு, பேஸ்புக்கு, எல்லாத்துக்கும் ‘மறந்துட்டேன்’னு அமுக்கி வாங்கிக்கிடுவான். அதனால மெயிலுக்கும் பேங்குக்குமாவது தனித்தனி வை. ரெண்டாவது ஒரு நம்பரு கேக்குத வசதி இருக்குல்ல, அதையும் போட்டு விடு. அம்புட்டையும் மனசுல வைக்க முடியாதுன்னா பாஸ்வேர்டு மேனேஜருன்னு ஆப்பு இருக்கு, படிச்ச பிள்ளைகளைக் கேளு.

போலீசுக்காரவுகளே தப்பலை தெரியுமா? 2024 மே மாசம் தமிழ்நாடு போலீசோட முக அடையாளம் பாக்குத தளத்துக்குள்ள எவனோ நுழைஞ்சுட்டான். நிர்வாகிக் கணக்கோட பாஸ்வேர்டைக் கைப்பத்தித்தான் வந்தான்னு அவுகளே சொன்னாக. திருடன் மூஞ்சியக் கண்டுபிடிக்க வச்ச இடத்துக்கே திருடன் வந்து போனான். அதுக்கு முன்னாடி 2021 ஜூன்ல, தமிழ்நாட்டு ரேசன் கார்டுக்காரவுக விவரம்னு சொல்லி 49 லட்சம் பேரோடது இணையச் சந்தையில கெடக்குன்னு பெங்களூருல ஒரு கம்பெனி சொல்லிச்சு. பேரு, விலாசம், ஆதார், யாருக்கு யாரு என்ன உறவு, எல்லாம். பாஸ்வேர்டு போனா மாத்திக்கிடலாம். பிறந்த தேதி போனா உங்க ஆத்தா வயித்துக்குள்ள திரும்பிப் போயி வேற நாள்லயா பிறந்து வருவே?

இவ்வளவு ஏன், போன மழைக்காலத்துல நாலு பஜ்ஜி வாங்குனேன். மடிச்சுக் குடுத்த தாளைப் பிரிச்சா ஒரு கிழவி என்னையப் பாக்கா. ஆதார் நகலு! எண்ணெய் ஊறி அந்த ஆத்தா கன்னம் மினுங்குது. பன்னிரண்டு நம்பரும் ஒரு துளி அழியலை. வீட்டு நம்பரு, தெரு, புருசன் பேரு, பின்கோடு, எல்லாம் மிளகாய் பஜ்ஜியோட சேந்து எனக்கு இலவசம். ஜெராக்ஸ் கடையில சரியா விழலைன்னு தூக்கிப் போட்ட தாளா இருக்கும். நீயும் அப்படித்தானே, ‘அண்ணாச்சி, வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கேன், ரெண்டு காப்பி போடுங்க’ன்னு சொல்லிட்டு, காப்பியை வாங்கிட்டு வந்துருதே. அவரு கம்ப்யூட்டருல அது கெடந்து முட்டை போடும். அழிக்கச் சொல்லி, நின்னு பாத்துட்டு வா. பாதி எண்ணை மறைச்ச ஆதாரு ஒண்ணு ஆதார் தளத்துலயே கிடைக்கு, முதல் எட்டு எண்ணு தெரியாது, கடைசி நாலுதான் தெரியும். கேக்க இடத்துல முதல்ல அதைக் குடுத்துப் பாரு. கெட்டுப்போன காப்பியைக் கையோட வாங்கிக் கொளுத்திரு. தீப்பெட்டி செய்யுத ஊருல இருந்துக்கிட்டு ஒரு குச்சி கிழிக்க வலிக்குதா?

இதை ஏன் இம்புட்டு நேரம் சொல்லுதேன்னா, உன் சின்ன மாமனாரு விசயம். ரிட்டயரான வாத்தியாரு. வீடியோவுல எவனோ காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, ‘உங்க ஆதார் நம்பரு இதுதானே, உங்க வீடு இன்ன தெருவுதானே, உங்க பேருல போதைப் பொருள் பார்சல் வந்திருக்கு, உங்களை டிஜிட்டல் கைது பண்ணிருக்கோம்’னானாம். மனுசன் நடுங்கிப் போயி கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டாரு. நான் போயித்தான் போனைப் பிடுங்கி அமத்துனேன். ‘என் நம்பரெல்லாம் சரியாச் சொல்லுதானே மச்சான், போலீசா இல்லாம எப்படித் தெரியும்?’ங்காரு. மச்சான், அது பஜ்ஜித் தாள்லயே இருக்கே! உன்னைப் பத்தித் தெரிஞ்சவன் எல்லாம் அதிகாரின்னா, நம்ம தெருவுல தண்ணிக்குழாய்ல நிக்குத பொம்பளைக பூராவும் கலெக்டருதான். அப்படி ஒரு கைது சட்டத்துலயே கிடையாதுன்னு 2024 அக்டோபருல பிரதமரே ரேடியோவுல சொன்னாக. நீ கேட்டிருக்க மாட்டே, அந்நேரம் ரீல்ஸ் பாத்துக்கிட்டிருந்திருப்பே.

இந்தப் பயலுக நம்ம விவசாயத்தையும் நம்மளைவிட நல்லாப் படிச்சிருக்கானுக. உளுந்தும் பாசியும் மழையில போயி, பயிர்க் காப்பீடு வருமா வராதான்னு நாம வானத்தைப் பாக்க நேரத்துல, ‘பிஎம் கிசான்’னு பேரு போட்டு வாட்ஸ்அப்புல ஒரு ஏபிகே கோப்பு வரும். அதை அமுக்குனா அது ஆப்பா ஏறி, உனக்கு வருத ஓடிபி எல்லாத்தையும் உனக்கு முன்னாடி அவன் படிப்பான். கல்யாணப் பத்திரிகைன்னும் அதே மாதிரி அனுப்புதான். வெத்திலை பாக்கு வைக்காத கல்யாணத்துக்கு நம்ம ஆளு என்னைக்குப் போயிருக்கான்? இதுக்கு மட்டும் ஏன் முந்திக்கிட்டுப் போயி அமுக்குதே? இன்னொண்ணு, பணம் வாங்கதுக்கு பின் நம்பரு போடவே வேண்டாம். போடச் சொன்னா, போகப் போதுன்னு அர்த்தம்.

பொம்பளைக கதை இதைவிடப் பாவம். நூறு நாள் சம்பளத்தை எடுக்க விரல் வைக்கப் போவாக. பருத்தி எடுத்தும் தீப்பெட்டி ஒட்டியும் ரேகை தேஞ்ச விரலு. ‘விழலை ஆத்தா, இன்னொருக்கா வையி’ம்பான். முதல்தடவையே விழுந்திருக்கும். ரெண்டாவதுக்கும் பணம் எடுத்திருப்பான். எல்லாரும் அப்படின்னு சொல்லலை, ஆனா ஒவ்வொரு தடவைக்கும் சீட்டு கேட்டு வாங்கு. பத்திரப் பதிவுக் காகிதத்துல இருந்து கைரேகையை எடுத்து, ரப்பருல அச்சு செஞ்சு பணம் எடுத்த கும்பலை எல்லாம் ஆந்திராப் பக்கம் பிடிச்சிருக்காக. ஆதார் ஆப்புல ரேகையைப் பூட்டி வைக்கலாம், வேணுங்கும்போது திறந்துக்கிடலாம். உங்க அத்தைக்கு அதைச் செஞ்சு குடு, புண்ணியமாப் போகும். சஞ்சார் சாத்திங்கிற அரசாங்கத் தளத்துல உன் பேருல எத்தனை சிம் ஓடுதுன்னும் பாத்துரு.

எல்லாம் மீறிப் பணம் போச்சுன்னு வையி. நம்ம ஆளு என்ன செய்வான்? ஊரு சிரிக்குமேன்னு வாயை மூடிக்கிட்டு மூணு நாளைக்குக் குப்புறப் படுப்பான். அதுக்குள்ள பணம் பத்துக் கணக்கு மாறிப் போயிரும். உடனே 1930க்கு அடி. பேங்குக்கும் சொல்லு. 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, நீயா நம்பரைச் சொல்லிப் பணம் போனா, பேங்குல நீ சொல்லுத வரைக்கும் போனது உன் பாடு, சொன்னதுக்கப்புறமும் போனா அது பேங்கு பாடு. ஊரு சிரிக்கத்தான் செய்யும். நானே முதல்ல சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்து லட்ச ரூவாயை விடலாமா?

என்ன, நோட்டுல எழுதி வைக்கலாமான்னு கேக்குதியா? தாராளமா எழுது. எங்கயோ கண்காணாத தேசத்துல உக்காந்து களவாங்குதவன் உன் தகரப் பெட்டியைத் திறக்க பஸ் ஏறி வரமாட்டான். ஆனா பொட்டி மேல ‘பாஸ்வேர்டு நோட்டு’ன்னு எழுதி வச்சிராதே, நீ செய்யுத ஆளுதான். அந்த நோட்டு எங்க இருக்குன்னு உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லிரு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, போனைத் திறக்கத் தெரியாம அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒவ்வொரு பேங்கு வாசலா நிக்கக் கூடாது. என்கிட்டச் சொல்லாதே. நான் டீக்கடையில உக்காருத ஆளு.