நல்ல பிளேடு வணிகர் இலக்கணம்

பிளேடு போடுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. பிளேடு விற்கிறவர்களுக்கும் இல்லைதான். தாடிக்கு, மிக்ஸிக்கு, மார்பிள் அறுக்க என்று எதைக் கேட்டாலும் அடுத்த தெருவில் கிடைக்கும். ஸ்க்ரோல் சா பிளேடு ஒன்றுதான் இதில் சேராது. அதை யாரிடம் நம்பி வாங்குவது, அந்த யாரை எந்தக் குறிகளால் அடையாளம் காண்பது என்னும் வினாக்கள் கேட்பாரற்றுக் கிடப்பது அறிவுலகுக்கு அழகல்ல. ஆகவே இந்த ஆய்வு.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். ஸ்க்ரோல் சா என்பது மேசைமேல் குந்தியிருக்கும் ஒரு மின்ரம்பம். பிளேடு நின்ற இடத்தில் ஏறி இறங்கும். பலகையைத்தான் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூவேலை, பெயர்ப்பலகை எழுத்து, குழந்தைகளின் புதிர்ப்படம் எல்லாம் இதில் வளைந்து வளைந்து வரும். பிளேடின் நீளம் 5 அங்குலம். அதிகம் விலைபோகும் 5ஆம் எண் பிளேடுக்கு அகலம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கீழே விழுந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும்.

இந்தக் கலைக்கு முன்னோர் உண்டு. 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆந்த்ரே ஷார்ல் பூல் ஆமையோட்டையும் பித்தளையையும் நுணுக்கமாக அறுத்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பதித்து, அரசருக்கு மரச்சாமான் செய்தார். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்கர் நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகளுக்கு விற்றார். புதிர்ப்படத்தின் தொடக்கம் அதுதான் என்பார்கள். இருவருக்கும் மின்சாரம் இல்லை, மெல்லிய வாள்தான். அருங்காட்சியக அட்டையில் பூலின் பெயர் இருக்கிறது. அவருக்கு வாள் கொடுத்தவர் பெயர் இல்லை. வணிகரைப் புறக்கணிக்கும் போக்கு அன்றே தொடங்கிவிட்டது.

களத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் எந்த ஹார்டுவேர் கடையிலும் உரையாடல் ஏறத்தாழ இப்படித்தான் போகும்.

"அண்ணாச்சி, ஸ்க்ரோல் சா பிளேடு இருக்கா?"

"ஆக்ஸாவா? எத்தனை வேணும்?"

"ஆக்ஸா இல்லீங்க. சின்னது, மெல்லிசா இருக்கும்."

"ஜிக்சான்னு சொல்லுங்க தம்பி. அதுவும் இருக்கு."

அவர்மேல் குற்றமில்லை. ஆக்ஸா பிளேடு 12 அங்குலம், இரும்பு அறுப்பது. கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சாவின் பிளேடுக்கு ஒரு முனையில் கொண்டை உண்டு. நமக்கு வேண்டியது மூன்றாம் சாதி. அதற்குள்ளும் இரு பிரிவு: முனையில் குறுக்காகச் சிறு ஆணி வைத்தது ஒன்று, வெறும் முனை மற்றொன்று. ஆணி வைத்ததை மாட்டுவது சுலபம். ஆனால் பூவின் உட்பக்கத்தை அறுக்க வேண்டுமென்றால், அந்த ஆணி நுழையும் அளவுக்கு முதலில் பெரிய துளை போட வேண்டும். சின்னப் பூவாக இருந்தால் துளையே பூவைத் தின்றுவிடும். வெறும் முனைக்கு ஊசித்துளை போதும். ஆகவே, "உங்க மெஷின் எந்த வகை பிளேடு பிடிக்கும்?" என்று எதிர்க்கேள்வி கேட்கும் கடைக்காரர் கிடைத்தால், வாங்குபவர் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடலாம். நல்ல வணிகருக்கு இதுவே முதற்குறி.

இனி எண் பற்றிய சிக்கல். மரத்துக்கான பிளேடுகள் 2/0, 1, 3, 5, 7, 9 என்று போகும். எண் ஏற ஏறப் பிளேடு தடிக்கும். சைபர் பக்கம் போனால் கணக்கு தலைகீழ்: 2/0வைவிட 4/0 மெல்லிசு. பொற்கொல்லர் பயன்படுத்தும் 8/0 பிளேடின் கனம் 0.16 மி.மீ. போதாக்குறைக்கு, ஒரு கம்பெனியின் 5ஆம் எண்ணும் இன்னொரு கம்பெனியின் 5ஆம் எண்ணும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பலகையின் கனத்துக்குள் எந்நேரமும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது பட்டறை விதி. 3 மி.மீ. ஒட்டுப்பலகையில், அங்குலத்துக்குப் பன்னிரண்டு பல் வைத்த பிளேடை ஓட்டினால் ஒன்றரைப் பல்தான் உள்ளே நிற்கும்; பலகை தடதடவென்று ஆடி, விளிம்பெல்லாம் பிய்த்துக்கொண்டு வரும். வாங்குபவர் குறை சொல்வதோ மெஷினை.

வணிகரை வகைப்படுத்த ஒரு சட்டகம் வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே அதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது ஆசிரியராகத் தகாதவர்களைப் பற்றி; கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமை. பிளேடு வணிகருக்கு இவை சட்டை தைத்ததுபோல் பொருந்துகின்றன.

கழற்சிக்காய் போட்டுவைத்த குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. இணையக் கடையில் "கலப்பு அளவு, 144 பிளேடு, சலுகை விலை" என்று விற்பவர் இவ்வினம். உறையில் எண் இருக்காது. எந்தக் கட்டு எந்த அளவு என்று அவருக்கும் தெரியாது. வந்து சேர்வது பெரும்பாலும் நகை அறுக்கும் பிளேடு. நீளம் ஒத்துப்போவதால் மரம் அறுக்கும் மெஷினிலும் மாட்டிக்கொள்ளும். நெருங்கிய பல்லிடுக்கில் மரத்தூள் அடைத்து, அறுப்பதற்குப் பதிலாகத் தேய்த்து, பலகையில் கரிக்கோடு போடும். அதே பிளேடு செம்புத் தகட்டில் வெண்ணெயாக ஓடும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும்.

மடற்பனையில் ஏற முடியாது; கருக்கு கிழிக்கும். பழம் தானாக விழுந்தால் உண்டு. மொத்த வியாபாரி இவ்வகை. குரோஸ் கணக்கில்தான், அதாவது 12 டஜனாகத்தான் கொடுப்பார். போனை எடுப்பது அவர் விருப்பம். பருத்திக்குண்டிகைக்குள் பஞ்சைத் திணிப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. சிற்றூர்க் கடைக்காரர் பரண்மேல் ஏறி, நான்கு பெட்டி இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து மூன்றே மூன்று பிளேடை எடுத்துத் தருவார், அதில் ஒன்று துருப்பிடித்திருக்கும்.

நான்காவதுதான் நெஞ்சை அறுப்பது. முடத்தெங்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர். அது சாய்ந்து காய் போடுவது பக்கத்து வீட்டில். கடைக்காரரை வாரக்கணக்கில் வற்புறுத்தி, படம் காட்டி, 5ஆம் எண் என்றால் என்னவென்று பாடம் நடத்தி, ஒரு பெட்டி வரவழைக்க வைத்த வாடிக்கையாளர் போய் நிற்கும்போது, "நேத்துதான் தம்பி ஒருத்தர் வந்து மொத்தமா எடுத்துட்டுப் போனாரு, நல்லா போகுது" என்பார் அவர்.

நல்லவரை அறிய இன்னும் சில குறிகள் உண்டு. தலைகீழ்ப் பல் என்றால் என்ன என்று கேட்டுப் பார்க்கலாம். பிளேடின் அடிமுனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். ஏறும்போது பலகையின் அடிப்பக்கச் சிலும்பை அவை துடைத்துவிடும். இது தெரிந்தவர் கடையில் துணிந்து வாங்கலாம். தேக்கு என்றதும் "கூட ஒரு டஜன் எடுத்துக்குங்க" என்கிறவர் வியாபாரத் தந்திரம் செய்யவில்லை; தேக்கில் சிலிக்கா உண்டு, அது பல்லை மழுக்கும். புது பிளேடு நேர்கோட்டில் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று புகார் கொண்டுபோனால், உடனே மாற்றித் தருகிறவரைவிட, "பலகையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளுங்க" என்கிறவரே உயர்ந்தவர். பல் வெட்டும்போது ஒரு பக்கம் மட்டும் பிசிர் நிற்பதால் அந்தப் பக்கம் கூர் அதிகம், இழுப்பது அதனால்தான். பிளேடு பிடியிலிருந்து நழுவுகிறது என்றால் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைக்கச் சொல்வார். இத்தனையும் சொல்லிவிட்டு டஜனுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்பது இவ்வாய்வின் துணிபு.

உள்ளூரில் அப்படியொருவர் அமையாதபோது அமெரிக்காவின் ஆல்சன், சுவிட்சர்லாந்தின் பெகாஸ் போன்றவற்றை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒரு குரோஸ் என்றால் 144 பிளேடு. கனமோ ஒரு தபால் உறைக்குள் அடங்கும். பிளேடைவிடத் தபால்செலவு மிஞ்சிவிடுவதால் கூட்டாக வாங்குவதே முறை. ஆனால் ஆள் சேர்ப்பதில் கவனம் வேண்டும். 144ஐ ஆறு பேர் பிரித்தால் ஆளுக்கு இரண்டு டஜன், எட்டுப் பேர் என்றால் ஒன்றரை டஜன், கட்டைப் பிரித்தால் போதும். ஐந்து பேர் என்றாலும் ஏழு பேர் என்றாலும் கடைசியில் நான்கு பிளேடு மிஞ்சும்; அந்த நான்கை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு இரவு பதினொன்று வரை நீளும். எனவே ஏழாவது ஆள் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், எட்டாவது ஆள் கிடைக்கும்வரை அவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது நலம்.