அலுவலகத் தூசி: ஒரு பொருளிலக்கண ஆராய்ச்சி

தமிழ்நாட்டு அலுவலகங்களில் தூசியானது ஆண்டுக்கொருமுறை, ஆயுதபூஜை விடுமுறைக்கு முந்தைய வேலைநாளின் பிற்பகலில் இடம்பெயர்கிறது. மேஜையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து எழுத்தரின் மூக்குக்கும் செல்லும் இந்தப் பெயர்ச்சிக்குச் சனிப்பெயர்ச்சிக்கு உள்ளதுபோல் ஒரு பலன் புத்தகம்கூட இல்லை. ஊழியர் நலன் கருதி நடப்பதாகச் சுற்றறிக்கை சொல்லும் இத்துப்புரவு வினையைப் புலமையுலகம் இப்படிக் கைவிட்டிருப்பது முறையன்று.

தொல்காப்பியம் காட்டும் முதல், கரு, உரி என்ற பகுப்பை இங்கே பொருத்திப் பார்க்கலாம். நிலம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் நுழையாத நான்கு விரல் இடைவெளி. பெரும்பொழுது புரட்டாசி; ஐப்பசி என்பாரும் உளர். சிறுபொழுது, மேலதிகாரி சாப்பிடப் போன பின். கருப்பொருளில் தெய்வம், போன வருஷத்துக் காலண்டரில் வீற்றிருக்கும் சரஸ்வதி; உணவு, டிராயரில் பாதி தின்ற மாரி பிஸ்கட்; பறை, பஞ்சிங் மெஷினைக் குத்தும் ஓசை; புள், ஏ.சி.யின் வெளிப்பெட்டிமேல் குடியிருக்கும் புறா. காய்ந்த புறா எச்சம் காற்றில் கலந்தால் நுரையீரல் கெடும் என்பதால் இப்புள்ளை மட்டும் திணையிலிருந்து விலக்குதல் நலம். உரிப்பொருள், தும்மலும் தும்மல் நிமித்தமும்.

விலங்குகளைத் தனியே பேச வேண்டும். பழைய கோப்பைத் திறந்தால் வெள்ளிக்கோடாக ஓடி மறையும் ராமபாணப் பூச்சியை ராபர்ட் ஹூக் 1665-லேயே நுண்ணோக்கியில் வைத்துப் படம் வரைந்துவிட்டார். அதைவிடக் கவனிக்கத்தக்கது நாற்காலி மெத்தையில் வாழும் தூசி உண்ணி. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சோறு. வீட்டுத் தூசி தரும் ஒவ்வாமைக்கு மூலகாரணம் இதுவே என்ற கருத்தை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964-இல் முன்வைத்தார்கள். ஆக, ஒரே நாற்காலியை ஆண்டுக்கணக்காக விடாமல் பற்றியிருப்போர் இருவர்: கண்காணிப்பாளர், உண்ணி. இவர்களில் அடுத்தவர் தோலை உரித்துத் தின்பவர் யார் என்பதில் இளநிலை உதவியாளர்களுக்கு வேறு கருத்து உண்டு.

இனி வினை. கள ஆய்வில் கண்ட முறை இது: முதலில் தரையைப் பெருக்குகிறார்கள். தரை பளிச்சென்று ஆனதும் ஒருவருக்கு மின்விசிறி நினைவுக்கு வருகிறது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, சக்கரம் வைத்த நாற்காலியின் மேல் ஏறி நின்று, பழைய வேட்டித் துணியால் இறக்கையை வழிக்கிறார். அதன் முன்விளிம்பில் எண்ணெயும் கரியுமாகப் படிந்திருந்த கறுப்புப் பட்டை திரிதிரியாகச் சுருண்டு, பெருக்கிய தரையிலும் திறந்திருக்கும் டிபன் பாக்ஸிலும் விழுகிறது. மேலிருந்து கீழ், காய்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி என்பதே சூத்திரம். காய்ந்த துடைப்பம் தூசியை அகற்றுவதில்லை, எழுப்பிவிடுகிறது.

பின்பு பினாயில். தெளித்த கையோடு துடைத்துவிடுவது மரபு. கிருமிநாசினி எதுவாயினும் சிறிது நேரம் ஈரமாக நின்றால்தான் வேலை செய்யும். 2020-இல் கொரோனாவை முன்னிட்டு உலக சுகாதார அமைப்பு சொன்னதும் இதுதான்: முதலில் சோப்புநீரால் அழுக்கைப் போக்கு, பிறகு 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலைப் பூசி ஒரு நிமிடமாவது விடு. அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும். அதற்காகப் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒரே வாளியில் கலப்போர் குளோரின் வாயுவை உண்டாக்குகிறார்கள். அது கிருமியையும் ஊழியரையும் பேதம் பார்ப்பதில்லை.

சுத்தம் முடிந்ததற்கு அத்தாட்சி குங்குமம். எதில் பொட்டு இருக்கிறதோ அது துடைக்கப்பட்டது என்க. கம்ப்யூட்டர், பீரோ, ஸ்டேப்ளர், ஜீப் ஆகியவற்றில் இருக்கிறது. லிப்ட் பொத்தானில் இல்லை, ஸ்விட்சில் இல்லை, குடிநீர்க் குழாயின் திருகில் இல்லை, எல்லாரும் காலையில் விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவியில் அறவே இல்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கெர்பா அலுவலகங்களில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு சதுர அங்குலத்துக்குத் தொலைபேசியில் 25,127 நுண்ணுயிர்களும் கழிப்பறை இருக்கையில் 49-ம் இருந்தன. காரணம் எளிது: கழிப்பறையை அருவருத்து அன்றாடம் கழுவுகிறோம், போனை மதிப்பதால் தொடுவதோடு சரி. நம் ஆயுதபூஜையோ பார்வை படும் இடத்தைத் துடைக்கிறது, கை படும் இடத்தை விட்டுவிடுகிறது. சாமிக்கு இது போதும். சளிக்குப் போதாது.

பூஜைக்குப் பின் பொரி, கடலை. இலையிலிருந்து கீபோர்டுக்கு உதிர்ந்த பொட்டுக்கடலை எஃப் ஐந்துக்கும் எஃப் ஆறுக்கும் நடுவே விழுந்து விடுமுறை முழுவதும் அங்கேயே தங்குகிறது. கரப்பான்களுக்கு ஆண்டிலேயே பெரிய விருந்து அது. கரப்பான் ஒவ்வாமை நகர்ப்புறக் குழந்தைகளின் ஆஸ்துமாவைக் கடுமையாக்குவதை 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. அலுவலர்களின் நுரையீரல் மட்டும் விதிவிலக்கு பெற்றதாக அரசாணை ஏதும் இல்லை.

இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: வரும் ஆண்டில் முதல் பொட்டு வருகைப்பதிவுக் கருவிக்கும் லிப்ட் பொத்தானுக்கும் வைக்கப்பட வேண்டும். வைப்பதற்கு முன் யாராவது துடைத்தே தீர்வார்கள்.

அற்றேல், கருவியில் குங்குமம் அப்பினால் விரல் பதியாதே எனின், பதியாது. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் மத்திய அரசே தன் ஊழியர்களை விரல் வைக்க வேண்டாம் என்றது. அப்போதும் சம்பளம் வந்தது என்க.